லாரி எஞ்சினின் பழைய ஆயிலை இறக்க எந்த முறை ஏற்றது?

லாரிப் பட்டறைகளில் எஞ்சின் ஆயில் மாற்றுவது அன்றாட வேலை என்பதால், பழைய ஆயிலை எந்த வழியாக இறக்குவது என்று யாரும் நின்று யோசிப்பதில்லை. அடியிலிருக்கும் டிரெயின் போல்ட்டைக் கழற்றி, வாளியை வைத்து, ஒரு டீ குடித்துவிட்டு வருவதே வழக்கம். இப்போது கார்களுக்கென வந்த உறிஞ்சு பம்பை லாரிக்கும் வாங்கலாமா என்று ஒன்றிரண்டு வண்டி வைத்திருப்பவர்கள் கேட்கிறார்கள். பத்துப் பதினைந்து வண்டி ஓட்டுபவர்கள் போல்ட் இருக்கும் இடத்தில் ஒரு வால்வைப் பொருத்திவிடலாமா என்று கேட்கிறார்கள். மூன்று முறைக்கும் அதனதன் இடம் உண்டு. ஆனால் எதைத் தேர்ந்தெடுத்தாலும், எஞ்சினுக்குள் எவ்வளவு பழைய ஆயில் தங்கிவிடுகிறது என்பதையே முதல் அளவுகோலாகக் கொள்ள வேண்டும். வேலை எவ்வளவு சீக்கிரம் முடிகிறது, கை எவ்வளவு அழுக்காகிறது என்பவை அதற்கு அடுத்தவையே.

முதலில் அளவைப் பார்ப்போம். ஒரு சாதாரணக் காரில் இறங்கும் ஆயில் மூன்று அல்லது நான்கு லிட்டர். சிறிய சரக்கு வண்டிகளில் அது 6 முதல் 10 லிட்டர் வரையிலும், நம் சாலைகளில் மிகுதியாக ஓடும் ஆறு சிலிண்டர் லாரிகளில் பெரும்பாலும் 12 முதல் 20 லிட்டர் வரையிலும் இருக்கும். சிலிண்டர்களின் மொத்தக் கொள்ளளவு 12, 13 லிட்டராக உள்ள பெரிய டிரெய்லர் எஞ்சின்களில் ஆயில் 30 லிட்டரையும் தாண்டும். பில்டரில் இருப்பது இதற்கு மேல் ஒன்றிரண்டு லிட்டர் வரும். காருக்கு வசதியாக இருக்கும் கருவி லாரியில் திணறுவதற்கு இந்த அளவே காரணம். 6 லிட்டர் பிடிக்கும் உறிஞ்சு பம்பை வைத்துக்கொண்டு 18 லிட்டர் இறக்க முயல்பவர், நடுவில் இரண்டு முறை நிறுத்தி அதைக் காலி செய்ய வேண்டியிருக்கும். அந்த இரண்டு முறையும் ஆயில் தரையில் சிந்துவதற்கான வாய்ப்புதான்.

போல்ட்டைக் கழற்றி இறக்கும் பழைய முறையே இன்றும் பெரும்பாலான லாரிகளுக்கு ஏற்றது என்பது என் கருத்து. இதைப் பழக்கத்தின் மேல் உள்ள பிடிப்பால் சொல்லவில்லை. டிரெயின் போல்ட், எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் பாத்திரமான சம்பின் மிகத் தாழ்வான இடத்தில் அல்லது அதற்கு மிக அருகில் அமைந்திருக்கிறது, துளையும் அகலமானது. ஆகவே அடியில் படிந்திருக்கும் கசடு, உலோகத் துகள், கரித்தூள் ஆகியவை ஆயிலின் வேகத்தோடு சேர்ந்தே வெளியேறுகின்றன. டீசல் எஞ்சினில் கரித்தூள் சேர்வது இயல்பு. அதை ஆயிலுக்குள் மிதக்க வைத்துக்கொள்வதற்கென்றே ஆயிலில் மருந்துகள் சேர்க்கப்படுகின்றன. அவற்றின் ஆற்றல் தீர்ந்த பிறகு கரித்தூள் அடியில் தங்கத் தொடங்குகிறது. பழைய எஞ்சின்களில் ஆயில் மாற்றும் இடைவெளி பத்து, பதினைந்தாயிரம் கிலோமீட்டராக இருந்தது; 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகை மாசு விதி வந்த பிறகு வந்துள்ள லாரிகள் பலவற்றில் அது 40,000 கிலோமீட்டரையும் தாண்டிவிட்டது. அவ்வளவு தூரம் உள்ளே உழைத்த ஆயிலை இறக்கும்போது அடிக்கசடும் சேர்ந்து வெளியேற வேண்டும் என்பதில் அலட்சியம் காட்டக் கூடாது.

போல்ட் முறைக்கு இன்னொரு பயனும் உண்டு. பட்டறையில் பழகிய மெக்கானிக்குகள் இதைத்தான் முதலில் சொல்வார்கள். இறங்கும் ஆயில் எஞ்சினின் நிலையைக் காட்டிவிடும். சிலிண்டர் ஹெட் கேஸ்கட் அல்லது லைனர் ரப்பர் வழியாகத் தண்ணீர் கசிகிறதோ என்ற ஐயம் இருந்தால், வண்டியை இரவு முழுவதும் நிறுத்திவைத்து, காலையில் எஞ்சினை இயக்காமலேயே போல்ட்டை மெதுவாகத் தளர்த்திப் பார்க்க வேண்டும். தண்ணீர் ஆயிலை விடக் கனமானது என்பதால் அடியில் இறங்கியிருக்கும். முதலில் சொட்டுவது தண்ணீராக இருந்தால் ஐயம் உறுதியாகிவிடும். மேலிருந்து உறிஞ்சும் முறையில் இந்த அடையாளம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். போல்ட்டின் முனையில் காந்தம் வைத்திருந்தால் அதில் ஒட்டியிருப்பதையும் பார்க்க வேண்டும். விரலில் தேய்த்தால் மை போலக் குழையும் மெல்லிய பசை இயல்பானது. நகத்தில் தட்டுப்படும் அளவுக்குச் சில்லுகள் இருந்தால், புதிய ஆயிலை ஊற்றுவதற்கு முன் அவை எங்கிருந்து வந்தன என்று கண்டறிய வேண்டும். பேரிங் தகட்டின் செம்பு நிறத் துகள்கள் காந்தத்தில் ஒட்டாது என்பதையும் நினைவில் வைத்து, வாளியின் அடியிலும் ஒரு முறை வெளிச்சம் அடித்துப் பார்ப்பது நல்லது.

இனி உறிஞ்சும் முறை. ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக் செல்லும் குழாய்க்குள் மெல்லிய குழாயை நுழைத்து, கை பம்பு, மின் பம்பு அல்லது கம்ப்ரஸர் காற்றால் இயங்கும் வெற்றிடத் தொட்டி கொண்டு ஆயிலை மேலே இழுப்பதே இது. வண்டிக்கு அடியில் படுக்க வேண்டியதில்லை, மரை தேயும் கவலை இல்லை, வாஷர் மாற்ற வேண்டியதில்லை. குறைகளும் அதே அளவுக்கு உண்டு. டிப்ஸ்டிக் குழாய் எல்லா எஞ்சின்களிலும் சம்பின் அடிவரை நேராக இறங்குவதில்லை. சிலவற்றில் அது வளைந்து பக்கச் சுவரில் முடிகிறது, சிலவற்றில் உள்ளே நுழையும் குழாய் ஒரு தடுப்புத் தகட்டில் முட்டி நின்றுவிடுகிறது. குழாய் மெல்லியது என்பதால் தடித்த ஆயில் அதன் வழியே ஏற நேரம் பிடிக்கும். லாரிகளில் பரவலாக ஊற்றப்படும் 15டபிள்யூ-40 என்ற தர ஆயிலின் தடிப்பு 40 டிகிரியில் இருப்பதைக் காட்டிலும் 100 டிகிரியில் ஏழு அல்லது எட்டில் ஒரு பங்காகக் குறைகிறது. ஆகவே உறிஞ்சும் முறைக்கு ஆயில் நல்ல சூட்டில் இருந்தாக வேண்டும். அவ்வளவு சூட்டைத் தாங்காத மலிவான பிளாஸ்டிக் குழாய் நடுவில் மெத்தென்று தளர்ந்து ஒட்டிக்கொண்டுவிடும். எல்லாவற்றையும் விட முக்கியமாக, கடைசி லிட்டரும் அதனோடு இருக்கும் கசடும் உள்ளேயே தங்கிவிடக்கூடும்.

இருந்தாலும் இம்முறையை அடியோடு தள்ளிவிட முடியாது. டிரெயின் போல்ட்டின் மரை ஏற்கெனவே பழுதாகி, சம்பைக் கழற்றும் நாள் வரை தள்ளிப்போட வேண்டிய நிலையில் இது கைகொடுக்கும். யாரோ அளவுக்கு மேல் ஊற்றிவிட்ட ஆயிலில் இரண்டு லிட்டரைக் குறைப்பதற்கும் இதுவே சுத்தமான வழி. பி.எஸ். 6 வண்டிகளில் புகைக்குழாய் வடிகட்டியை எரித்துச் சுத்தம் செய்யும் வேளையில் டீசல் சிறிது ஆயிலில் கலந்து டிப்ஸ்டிக்கில் அளவு கூடிக் காட்டுவது உண்டு. அப்போதும் வெறுமனே உறிஞ்சிக் குறைத்துவிடுவது தீர்வு ஆகாது, டீசல் கலந்த ஆயிலை முழுவதுமாக மாற்றிவிடுவதே எஞ்சினுக்குப் பாதுகாப்பு.

உங்கள் எஞ்சினுக்கு உறிஞ்சும் முறை பொருந்துமா என்று தெரிந்துகொள்ள ஓர் எளிய சோதனை இருக்கிறது. ஒரு முறை பம்பு கொண்டு முடிந்த வரை உறிஞ்சிவிட்டு, உடனே டிரெயின் போல்ட்டையும் கழற்றி, மீதம் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து பாருங்கள். கால் லிட்டருக்குள் இருந்தால் அந்த எஞ்சினில் அம்முறையை நம்பலாம். ஒரு லிட்டர் இறங்கினால், 15 லிட்டர் பிடிக்கும் சம்பில் ஏறக்குறைய ஏழு விழுக்காடு பழைய ஆயில், அதுவும் அடிக்கசடு நிறைந்த பகுதி, ஒவ்வொரு முறையும் புதிய ஆயிலோடு கலக்கும் என்று பொருள். ஒரே நிறுவனத்தின் இரண்டு எஞ்சின்களுக்கு இடையில்கூட இந்த அளவு மாறும். ஆகவே பக்கத்து வண்டிக்காரரின் சொல்லை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

மூன்றாவது வழியான வால்வு, டிரெயின் போல்ட் இருந்த இடத்தில் நிரந்தரமாகப் பொருத்தப்படுவது. பிடியைத் தூக்கித் திருப்பினால் ஆயில் இறங்கும். முனையில் ஒரு குழாயைச் சொருகி நேரே டிரம்முக்கே அனுப்பிவிடலாம். மாதத்துக்கு நான்கைந்து வண்டிகளுக்கு ஆயில் மாற்றும் இடங்களில் இது மிகவும் வசதியானது. மரையை மீண்டும் மீண்டும் கழற்றி மாட்ட வேண்டாம் என்பதால் அலுமினிய சம்புக்கு ஆயுள் கூடும். ஆனால் வாங்கும் முன் நான்கு விவரங்களைப் பார்க்க வேண்டும். மரையின் விட்டமும் இழை இடைவெளியும் உங்கள் சம்போடு ஒத்துப்போக வேண்டும். ஏறத்தாழப் பொருந்துகிறது என்று முறுக்கி ஏற்றினால் சம்பையே மாற்ற வேண்டியிருக்கும். வால்வின் மரைப்பகுதி சம்புக்குள் நீட்டிக்கொண்டிருந்தால், அந்த விளிம்புக்குக் கீழே உள்ள ஆயில் இறங்காது. காந்த போல்ட்டை எடுத்துவிட்டு வால்வைப் போட்டால் காந்தத்தின் பயனை இழக்கிறோம். கடைசியாக, வால்வு சம்பின் அடிமட்டத்துக்குக் கீழே தொங்கக் கூடாது. கல் குவாரிக்கும் மணல் ஏற்றும் இடத்துக்கும் போய் வரும் டிப்பர் லாரியில், சக்கரம் எற்றிய ஒரு கல் வால்வை உடைத்தால், ஆயில் அழுத்தம் குறைந்ததை ஓட்டுநர் கவனிப்பதற்குள் எஞ்சின் சீஸ் ஆகி, அதாவது உள்ளே இறுகிப்போய், நின்றுவிடலாம். அத்தகைய வண்டிகளுக்கு வால்வை நான் பரிந்துரைப்பதில்லை. தார்ச் சாலையிலேயே ஓடும் நெடுந்தூர லாரிகளுக்கு, பிடி தானாகத் திரும்பாதபடி பூட்டும் அமைப்புள்ள வால்வாகப் பார்த்து வாங்கலாம்.

நான்காவதாக ஒன்றைச் சிலர் செய்கிறார்கள். அதைச் செய்யாதீர்கள் என்று சொல்வதற்காகவே இங்கே குறிப்பிடுகிறேன். ஆயில் சீக்கிரம் இறங்கட்டும் என்று ஆயில் ஊற்றும் வாயில் கம்ப்ரஸர் குழாயை வைத்து உள்ளே காற்றடிப்பதே அது. கிராங்க் தண்டைச் சுற்றியுள்ள கூடான கிராங்க் கேஸ் இத்தகைய அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டதன்று. கிராங்கின் முன்னும் பின்னும் உள்ள ஆயில் சீல்கள் பிதுங்கிக் கசியத் தொடங்கினால், பின்பக்க சீலை மாற்றக் கியர் பாக்ஸையே இறக்க வேண்டிவரும். பத்து நிமிடத்தை மிச்சப்படுத்தப் போய் இரண்டு நாள் வண்டி நிற்கும்.

முறையைப் போலவே இடத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும். பெரும்பாலான லாரிகளில் சம்புக்கும் தரைக்கும் இடையே ஒருவர் கை நீட்டி வேலை செய்யும் உயரம் இருப்பதால், ஜாக்கி போட்டு முன்பக்கத்தைத் தூக்க வேண்டிய தேவையே இல்லை. தூக்கினால் ஆயில் சம்பின் பின்பகுதிக்கு ஓடி, போல்ட் முன்னால் இருக்கும் எஞ்சினில் பாதி இறங்காமல் நின்றுவிடும். சமதளமான சிமெண்டுத் தரையே சிறந்தது. பிட் வசதி இருந்தால் வேலை எளிது. ஆனால் ஆள் குழிக்குள் இருக்கும்போது எஞ்சினை இயக்கக் கூடாது, புகையும் டீசல் ஆவியும் கீழே தேங்கும். கை பிரேக்கை மட்டும் நம்பாமல், பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். சாவியை எடுத்துத் தன்னிடமே வைத்துக்கொண்டு, ஸ்டீயரிங்கில் ‘ஆயில் இல்லை’ என்று எழுதிய அட்டையைக் கட்டிவிடுவது மிகையான எச்சரிக்கை போலத் தோன்றலாம். பழைய ஆயில் இறங்கிய பின் மெக்கானிக் சாப்பிடப் போயிருக்க, வண்டியைச் சற்று நகர்த்தி வைப்போம் என்று வேறொருவர் எஞ்சினை இயக்கிய நிகழ்ச்சியை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன்.

போல்ட் முறையில் வேலை செய்யும் ஒழுங்கை இனிச் சொல்கிறேன். வண்டி ஓடி வந்து நின்ற அரை மணி நேரத்துக்குப் பின் தொடங்குவது பொருத்தம். கசடு மிதந்துகொண்டிருக்கும், கை வெந்துபோகும் சூடு தணிந்திருக்கும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்துவிடுங்கள்; டிப்ஸ்டிக்கையும் சற்று வெளியே இழுத்து வையுங்கள். காற்று உள்ளே போனால்தான் ஆயில் தடையின்றி இறங்கும். பாத்திரம் சம்பின் முழு அளவையும் பில்டரின் அளவையும் சேர்த்துத் தாங்குமா என்பதை முன்னதாகவே உறுதி செய்ய வேண்டும். 15 லிட்டர் ஆயில் வந்த வாளியில் 17 லிட்டரை இறக்க முடியாது. டிரம்மை நீளவாக்கில் பாதியாக அறுத்து, விளிம்பை மடித்து வைத்திருக்கும் பட்டறைகள் செய்வதே சரி. அகலமான வாயும் குறைந்த உயரமும் கொண்ட பாத்திரத்தில் தெறிப்பு குறையும்.

போல்ட்டுக்கு அளவு சரியான ரிங் ஸ்பானர் அல்லது ஆறு முனைச் சாக்கெட் மட்டுமே பயன்படுத்த வேண்டும். குழாய் ரெஞ்சும் சுத்தியலும் போல்ட் தலையை உருட்டிவிடும். தளர்ந்த பிறகு கையால் திருப்பும்போது போல்ட்டை உள்பக்கமாக அழுத்தியபடியே திருப்பி, மரை முழுவதும் விட்டதும் சட்டென்று ஒரு பக்கமாக இழுத்துவிட வேண்டும். முழங்கையை மணிக்கட்டை விடத் தாழ்த்திப் பிடித்தால் சூடான ஆயில் சட்டைக் கைக்குள்ளேயே வழியும். போல்ட் சம்பின் பக்கவாட்டில் இருந்தால், நிறைந்த சம்பின் அழுத்தத்தால் ஆயில் முதலில் ஒரு முழ தூரம் எட்டிப் பாயும். பின்னர் மெல்லப் பின்வாங்கிச் சம்புக்கு நேர் கீழே விழும். பாத்திரத்தை அதற்கேற்ப முதலில் தள்ளி வைத்து, பிறகு அருகே நகர்த்த வேண்டும். ஆய்வகத்துக்கு ஆயில் மாதிரி அனுப்பும் வழக்கம் உள்ளவர்கள், முதலில் வரும் கசடையும் கடைசிச் சொட்டுகளையும் விட்டுவிட்டு, நடுவில் இறங்குவதைச் சுத்தமான புட்டியில் பிடிக்க வேண்டும். சில பெரிய எஞ்சின்களில் சம்பு இரண்டு குழிகளாக இருந்து இரண்டு டிரெயின் போல்ட்டுகள் இருக்கும். ஒன்றை மட்டும் கழற்றிவிட்டு முடிந்தது என்று நினைக்கக் கூடாது.

ஓட்டம் நின்று சொட்டத் தொடங்கிய பிறகும் இருபது நிமிடமாவது விட வேண்டும். அந்த நேரத்தில் பில்டரைக் கழற்றலாம். பழைய பில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்காமல் புதியதை மாட்டினால், இரண்டு வளையங்களின் இடுக்கில் ஆயில் பீறிடும்.

வாஷரை ஒவ்வொரு முறையும் மாற்றுவதே முறை. வழியில் மாட்டிக்கொண்டு செம்பு வாஷர் கிடைக்காவிட்டால், பழையதை நெருப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் அது மீண்டும் மென்மையாகி இன்னொரு முறைக்கு உதவும். அலுமினிய வாஷருக்கு இந்த வித்தை பலிக்காது. போல்ட்டை முதலில் கையாலேயே முழு மரையும் ஏற்றி, பிறகு கையேட்டில் சொன்ன முறுக்கு விசைக்கு டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். கசியக் கூடாது என்ற பயத்தில் ஸ்பானரின் பிடியில் நீளக் குழாய் போட்டு இறுக்கி, அடுத்த முறை மரையோடு கழன்று வந்த அலுமினிய சம்பு ஒன்றுக்கு நான் பணம் கட்டியிருக்கிறேன். பிளாஸ்டிக் சம்பு உள்ள புதிய எஞ்சின்களில் இந்தக் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும்.

புதியதை ஊற்றும் முன், இறங்கிய பழைய ஆயிலை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கையேட்டின் அளவை விட நன்றாகக் குறைந்திருந்தால், கசிவாலோ எரிதலாலோ எஞ்சின் ஆயில் குடிக்கிறது. கூடியிருந்தால் டீசலோ தண்ணீரோ கலந்திருக்கிறது. ஓட்டத்தின்போது இடையிடையே ஊற்றிய ஆயிலையும் கணக்கில் சேர்த்தால்தான் இந்த ஒப்பீடு பொருள் தரும். எத்தனை கிலோமீட்டரில் மாற்றினோம், எவ்வளவு இறங்கியது, எவ்வளவு ஊற்றினோம் என்ற மூன்றையும் டிரிப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வந்தால், மூன்று நான்கு முறைகளுக்குள் அந்த எஞ்சினின் போக்கு தெளிவாகிவிடும்.

இறக்கிய ஆயில் எங்கே போகப் போகிறது என்பதும் முறையைத் தேர்ந்தெடுப்பதில் சேர்ந்தது. 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளில் பயன்படுத்திய எண்ணெய் இடம்பெற்றிருக்கிறது. ஒரு கேலன் பழைய ஆயில் பத்து லட்சம் கேலன் நன்னீரைக் கெடுத்துவிடும் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்லும் கணக்கு. ஆகவே சாலையோரத்தில், மண் தரையில், சாக்கடைக்குப் பக்கத்தில் போல்ட்டைக் கழற்றுவதைத் தவிர்க்க வேண்டும். வழியில் மாற்றியே ஆக வேண்டிய கட்டாயம் என்றால், சிந்தும் ஆபத்து குறைந்த மூடிய தொட்டியுள்ள உறிஞ்சு பம்பு அந்த ஒரு நாளுக்குச் சரியான தேர்வாகிவிடுகிறது. சென்ட்ரிங் பலகைக்குப் பூசவும், கரையான் ஏறாமல் கம்பத்துக்குத் தடவவும் கேட்பவர்களுக்குக் கொடுத்துவிடுவது நம்மிடையே உள்ள பழக்கம். அந்த ஆயிலில் உள்ள உலோகமும் நச்சும் மழையில் மண்ணுக்குள்தான் இறங்கும். தோலில் நெடுநாள் படுவதும் கெடுதல் என்பதால், இறக்கும்போதே ரப்பர் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும்.

மூடியுள்ள டிரம்மில் சேர்த்துவைத்து, தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பாளரிடமோ அவருக்காகச் சேகரிப்பவரிடமோ கொடுப்பதே முறையான வழி. அந்த டிரம்மில் கூலன்ட், பிரேக் ஆயில், தின்னர், பெட்ரோல் எதையும் கலக்கக் கூடாது. கலந்தால் சுத்திகரிக்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். பூச்சிமருந்து இருந்த கேன்களையும் இதற்குப் பயன்படுத்தக் கூடாது. புதிய ஆயில் வந்த வாளிகளைக் காலியானதும் கத்தியால் கிழித்துவிட்டுப் பிறகே பழைய இரும்புக்காரரிடம் போடுங்கள். முழு வாளியாகப் போட்டால், அதே வாளியில் வடிகட்டிய பழைய ஆயில் நிரம்பிப் புதிய ஆயிலாக எங்காவது ஒரு கடையில் வந்து அமர்ந்துவிடும்.

ஆயில் ஊற்றி எஞ்சினை இயக்கியதும் ஆக்சிலேட்டரைத் தொடாமல், ஆயில் அழுத்த விளக்கு அணையும் வரை ஐடிலிலேயே விட வேண்டும். ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, வண்டிக்கு அடியில் ஒரு செய்தித்தாளை விரித்து, போல்ட்டையும் பில்டரையும் துணியால் துடைத்து, பத்து நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். தாளில் சொட்டு இல்லை என்றால் டிப்ஸ்டிக்கில் அளவைச் சரிசெய்து, ஸ்டீயரிங்கில் கட்டிய அட்டையை அவிழ்த்துவிடலாம்.